கோல் போஸ்ட்... ரெண்டு செருப்பு!

உங்கள் வீட்டில் எட்டு, பத்து வயதில் ஒரு குழந்தை இருக்கிறதா? அப்படியானால் ஒரு சின்னக் கேள்வி. பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல், நாலைந்து பிள்ளைகளோடு சேர்ந்து, தானே ஒரு விளையாட்டை ஆரம்பித்து, தானே சண்டை போட்டு, தானே சமாதானமாகி, வியர்த்து விறுவிறுத்து அந்தக் குழந்தை வீடு வந்து சேர்ந்தது கடைசியாக எப்போது?

யோசிக்கிறீர்கள் அல்லவா? என்னையும் ஒருநாள் இப்படி யோசிக்க வைத்தான் என் பேரன்.

எட்டு வயசுப் பையன். வாரத்தில் இரண்டு நாள் ஃபுட்பால் கோச்சிங் போகிறான். கலர் பனியன், பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் கவசம் எல்லாம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடம் பாதி காலியாக இருந்தது. ஐந்து பிள்ளைகள் பந்தோடு இறங்கினார்கள். பத்தே நிமிஷம்! மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்தான்.

"பாட்டி, நீ கீழ வா. அது கோலா, கோல் இல்லியானு நீயே சொல்லு!"

போனேன். இரண்டு தரப்பையும் விசாரித்தேன். நாட்டாமை மாதிரி தீர்ப்பும் சொன்னேன். தோற்ற தரப்பில் ஒரு பையன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டான். பந்து அவனுடையது. அதோடு ஆட்டம் க்ளோஸ்!

அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. 'நாமும்தான் விளையாடினோம். நமக்கு அம்பயர் யார்? பந்துக்காரன் கோபித்துக்கொண்டு போகாமல் நம் ஆட்டம் எப்படித் தினமும் நடந்தது?' என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஏழு அடி... யார் காலால்?

1979-ம் வருஷம். எனக்குப் பதினொரு வயது. பெரம்பூர் பக்கம் ரயில்வே குடியிருப்பு. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு மண் தரை. ஒரு பக்கம் வேப்பமரம், இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. எங்கள் ஸ்டேடியம் அதுதான்.

பந்துக்கு ஆளுக்கு இருபத்தைந்து பைசா வசூல். பெரும்பாலும் ரப்பர் பந்து. ஒரே ஒரு முறை லெதர் பந்து வாங்கினோம். உள்ளே பிளாடர் வைத்து, வாயை லேஸ் போட்டுக் கட்ட வேண்டும். காற்று இறங்கினால் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எல்லோரும் காசு போட்டு வாங்கியதால் பந்து யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ராத்திரி அது ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் தூங்கும். கோபித்துக்கொண்டு போகிறவன் வெறுங்கையோடுதான் போக வேண்டும். பாருங்கள், என் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது!

ஆள் பிரிக்க 'உத்தி'. சம பலமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு வேப்பமரத்துப் பின்னால் போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சிங்கம் வேணுமா, புலி வேணுமா?" என்று தலைவர்களிடம் கேட்பார்கள். சிங்கம் கேட்டவருக்குச் சிங்கம், மற்றவருக்குப் புலி. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்விடாமல் இருக்க நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்து வரும் ஏற்பாடு இது.

கோல் போஸ்ட்? இரண்டு செருப்புதான். இடைவெளி ஏழு அடி. யார் காலால் அளப்பது என்று முதல் வாரமே தகராறு. ஒருவன் தன் கோலைத் தம்பியின் காலால் அளந்து சுருக்கிவிட்டான்! அன்றிலிருந்து இரண்டு கோலையும் ஒரே ஆள்தான் அளக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

மேலே கம்பம் கிடையாதே? அதனால் கோலி கையைத் தூக்கினால் எட்டாத உயரத்தில் போனால் கோல் இல்லை. செருப்புக்கு நேர் மேலே போனாலும் கோல் இல்லை. மூன்று கார்னர் கிடைத்தால் ஒரு பெனால்ட்டி. பந்தை எவன் தூர அடித்தானோ அவன்தான் போய் எடுத்து வர வேண்டும். அது எந்த வீட்டுக் காம்பவுண்டாக இருந்தாலும், அந்த வீட்டு மாமி எவ்வளவு திட்டினாலும் சரி! மாடு வந்தாலோ, சைக்கிள் வந்தாலோ, குடத்தோடு யாராவது வந்தாலோ "ஸ்டாப்!" என்று யார் கத்தினாலும் பந்து அங்கேயே நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஐந்து கோல் கூடுதலாகப் போட்டுவிட்டால், அந்தப் பக்கத்து நல்ல ஆட்டக்காரர் ஒருவர் எதிர்ப் பக்கம் மாற வேண்டும்.

தெருவிளக்கு எரிந்துவிட்டால் "கடைசி கோல்". அதுவரை பத்துக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. அந்த ஒரு கோலைப் போட்டவர்களுக்கே வெற்றி!

இதையெல்லாம் எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை. சிலவற்றை அண்ணன்களிடமிருந்து பிடித்துக்கொண்டோம். மிச்சத்தைச் சண்டை போட்டுக் கண்டுபிடித்தோம்.

கணக்கில் வராத ஆட்டக்காரன்

இந்த இடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர் வரிசை வீடு. என் வயதுதான். சின்ன வயதிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருந்தது. இன்றைய இளம் தாய்மார்களுக்கு அந்த நோயின் பயம் தெரிந்திருக்காது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகை போலியோ வைரஸால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014-ல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் பெற்றுவிட்டது. ஆனால் எழுபதுகளில் எங்கள் தெருவைப் போல எத்தனையோ தெருக்களில் இப்படி ஒரு பிள்ளை இருந்தது.

அவனை நாங்கள் ஒதுக்கவில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' ஆக்கிக்கொண்டோம். உங்களுக்கே தெரியும், ரொம்பச் சின்னப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள நம் பக்கம் இருக்கும் வழி இது. ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. அவன் பந்தைத் தொட்டாலும் தப்பில்லை, கோல் போட்டாலும் கோல் இல்லை. 'பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொண்டோம்' என்று எங்களுக்குப் பெருமைதான். அந்தச் சொல் அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பதினொரு வயதில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் அவன் பந்தைத் தொட்டி ஓரமாகத் தட்டி, கையை ஊன்றி நகர்ந்து வந்து, அழகாக இரண்டு செருப்புக்கும் நடுவே தள்ளிவிட்டான். நாங்கள் சிரித்துக்கொண்டே பந்தை எடுத்து மறுபடி ஆட ஆரம்பித்தோம். அவன் நகரவில்லை. மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஒப்புக்கு ஆட மாட்டேன். என் கோலை எண்ணுங்க. இல்லேன்னா நான் வரல."

அன்று அப்புறம் ஆட்டமே நடக்கவில்லை. இருட்டும்வரை பேச்சுதான். "அவனுக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமாடா?" என்றான் ஒருவன். "மெதுவா அடிக்கலாம்" என்றாள் ஒருத்தி. "மெதுவா எல்லாம் அடிக்கக் கூடாது" என்று அவனே மறுத்துவிட்டான். கடைசியில் சட்டம் உருவானது. அவன் கோல்கீப்பர். அவன் நிற்கும் கோல் மட்டும் ஏழு அடிக்குப் பதில் ஐந்து அடி. பந்து அவன் கைக்கு வந்துவிட்டால் பத்து எண்ணும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. மற்றபடி சலுகை கிடையாது. விட்டால் கோல், பிடித்தால் பிடித்ததுதான்.

அடுத்த நாள் முதல் அவன் கணக்கில் வந்தான். ஒரு மாதத்தில், உத்தி பிரிக்கும்போது அவனைத் தங்கள் பக்கம் இழுக்கப் போட்டி வந்துவிட்டது. அந்த ஐந்து அடிக்குள் பந்தை நுழைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை!

சட்டத்தை மாற்றலாமா?

ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே இதைத்தான் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட விளையாட்டு கோலி குண்டு. தானும் குழந்தைகளோடு உட்கார்ந்து ஆடி, "இந்த விதி எங்கிருந்து வந்தது? இதை மாற்றலாமா?" என்று கேட்டார். கிடைத்த பதில்களை 1932-ல் புத்தகமாக எழுதினார். சின்னப் பிள்ளைகள், விதி என்றால் பெரியவர்கள் கொடுத்தது, தொடவே கூடாது என்றார்கள். பத்து, பதினொரு வயதைத் தாண்டியவர்களோ, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பேசித்தான் இந்தப் புத்தி வளர்கிறது என்பது அவருடைய கருத்து.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? ஃபுட்பாலே இப்படி வளர்ந்த ஆட்டம்தான். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பள்ளிக்கு ஒரு விதி. சில பள்ளிகளில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், சிலவற்றில் கூடாது. 1863-ல் லண்டனில் கூடி உட்கார்ந்து ஒரு பொது விதியை எழுதினார்கள். அதிலும் கோலுக்கு மேல் கம்பம் கிடையாது. 1866-ல்தான் எட்டு அடி உயரத்தில் ஒரு நாடா கட்டினார்கள். பெனால்ட்டி வந்தது 1891-ல். அந்த யோசனையைச் சொன்னவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு கோல்கீப்பர். வேப்பமரத்தடியில் நாங்கள் போட்ட சண்டையைத்தான் அவர்களும் கோட்டு போட்டுக்கொண்டு போட்டிருக்கிறார்கள்!

உடம்புக்கு என்ன லாபம்?

சரி, உடல்நலத்துக்கு வருவோம். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் அசைவுகள் வேண்டும். ஓடுவது, தாவுவது, சட்டென்று நின்று திரும்புவது எல்லாம் இதில் அடக்கம். வாரம் இரண்டு மணி நேர கோச்சிங் நல்லதுதான். ஆனால் மீதி ஐந்து நாள் கணக்கு என்ன ஆவது?

கண்ணுக்கும் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிஷம் திறந்த வெளியில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் அது 30.4 சதவிகிதம்தான். 2015-ல் வெளியான ஆய்வு இது. பகல் வெளிச்சத்தில் விளையாட நாம் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை!

இந்த உரிமை சட்டப்படியும் குழந்தைக்கு உண்டு. 1989-ல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது.

உரிமை என்றதும் எனக்கு என் கதை நினைவுக்கு வருகிறது. பதிமூன்று வயதில் நான் பெரியவளானேன். பதினாறு நாள் கழித்துப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போனேன். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இனிமே நீ பசங்களோட ஆடக் கூடாது." ஒரு பையனைக் கணக்கில் சேர்க்க ஒரு சாயந்திரம் முழுக்கப் பேசிய கூட்டம் அது. என்னை வெளியே அனுப்பிய விதியை மட்டும் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும்தான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார்களே, மாதவிலக்கு தொடங்கிய பெண்ணுக்கு ஓடியாடுவதால் எந்தக் கெடுதலும் கிடையாது. எலும்பு வலுவாவதற்கு அந்த வயதில்தான் ஓட்டம் ரொம்பத் தேவை. வயிற்றுவலி இருக்கும் நாளில் ஓய்வெடுக்கட்டும். மற்ற நாட்களில் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வாரத்தில் மூன்று, நான்கு நாளாவது வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் 'சும்மா விளையாட' விடுங்கள். அந்த நேரத்தில் டியூஷன், கோச்சிங் எதுவும் வேண்டாம்.

* இடத்தை நீங்கள் பார்த்துக் கொடுங்கள். வண்டி ஓடும் தெரு வேண்டாம். கார் நிறுத்தும் இடம் என்றால், அந்த ஒரு மணி நேரம் வண்டி உள்ளே வராமல் அந்தப் பகுதியை மறிக்க அசோசியேஷனில் பேசுங்கள். 'பந்து விளையாடக் கூடாது' என்ற போர்டு இருந்தால், எந்த நேரத்தில் விளையாடலாம் என்று இன்னொரு வரி எழுதச் சொல்லுங்கள்.

* பார்வையில் இருங்கள், பஞ்சாயத்தில் இறங்காதீர்கள். அடிதடி, கேலி, ஒருவரை மட்டும் ஒதுக்குவது என்று போனால் மட்டும் தலையிடுங்கள். "கோலா, இல்லையா" என்பது அவர்கள் பாடு.

* நாங்கள் வெறுங்காலோடு ஆடினோம் என்பதற்காக உங்கள் பிள்ளையும் ஆட வேண்டாம். கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. துருப்பிடித்த ஆணி, கண்ணாடிச் சில்லு பயமும் உண்டு. சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய 'டி.டி.' தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

* சின்னப் பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்ட வேண்டாம். அமெரிக்காவில் 2015-ல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இதைத் தடை செய்தார்கள். 2020-ல் இங்கிலாந்திலும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள்.

* கணுக்கால் பிசகினால் 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று இழுத்து உருவாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி, ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே அவசியம்.

* தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு, நினைவு தப்புதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால், எவ்வளவு ஓடலாம் என்று உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 'விளையாடவே கூடாது' என்று அவர் சொல்ல மாட்டார். மூச்சில் இழுக்கும் மருந்து கையில் இருக்கட்டும்.

* உடல் குறை உள்ள குழந்தை அந்தக் கூட்டத்தில் இருக்கிறதா? "பாவம், அவனையும் சேர்த்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள். "இவனும் கணக்குல ஆடணும்னா என்ன ரூல் வேணும்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மறுநாள் என்ன ஆச்சு?

பேரன் கதையை முடிக்கவில்லையே! மறுநாளும் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டான். "எனக்குத் தெரியாதுப்பா. நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று பால்கனியில் வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்துவிட்டேன். கீழே இருபது நிமிஷம் ஒரே கூச்சல். எனக்கோ இறங்கிப் போகத் துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கூச்சல் அடங்கியது. பந்து உருளும் சத்தம் கேட்டது.

ராத்திரி சாப்பிடும்போது அவனே புது விதியைச் சொன்னான். நிற்கிற காருக்கு அடியில் பந்து போனால் ஆட்டம் நிற்க வேண்டும். உள்ளே கையை விடக் கூடாது, குச்சியால்தான் எடுக்க வேண்டும். எடுத்தவர்களுக்கு ஃப்ரீ கிக். "இதை யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தான். "நாங்கதான்!"

எங்கள் பழைய கோல்கீப்பரை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். அந்த ஐந்தடிச் சட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

பாயசம் வந்தபோது சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு சொல்லணும். நீ எனக்குக் கடைசியா போட்டியே ஒரு கோல்... தெருவிளக்கு எரிஞ்சப்புறம்? அது செருப்புக்கு மேலதான் போச்சு. கோலே இல்ல!"

நான் விடுவேனா? இலையை மூடும்வரை சண்டைதான்!